மக்களைத் தேடிப் போன ஆய்வு எந்த இதழைத் தேடிப் போகலாம்?

கட்டுரையை முழுசாக எழுதி முடித்துவிட்டு, "இதை எங்கே அனுப்பலாம் சார்?" என்று வந்து நிற்கும் முதுநிலை மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அளவெடுக்காமல் சட்டையைத் தைத்துவிட்டுப் போட ஆள் தேடுகிற கதைதான். அதிலும் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. ஒரு கதவைத் தட்டி, திறக்குமா திறக்காதா என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். தப்பான கதவில் நின்றால் ஆறு மாதம் சும்மா போகும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கே வந்து சேரும் சர்க்கரை, பிபி மாத்திரைகளை மக்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஒரு வட்டாரத்தில் 400 பேரிடம் கேட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டு ஆய்வு, அதாவது ஒரே ஒருமுறை போய்க் கேட்டு எடுக்கும் கணக்கு. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முன்பே வாங்கியாயிற்று. (தரவு சேகரித்து முடித்த பிறகு அனுமதிக் கடிதம் தேடுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது.)

இந்தக் கட்டுரைக்கு நான் யோசிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, 1956இல் தொடங்கிய இந்தியப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் இதழான 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த்'. இரண்டாவது, எழுதியவர் பணம் கட்டி வெளியிடும், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய சர்வதேச ஓப்பன் ஆக்சஸ் இதழ்கள். அதில் 'பிஎம்சி பப்ளிக் ஹெல்த்', 'பிஎம்ஜே ஓப்பன்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது, உலகச் சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்'.

பணத்திலிருந்தே தொடங்குவோம். எப்படியும் பேச்சு அங்கேதான் வந்து முடியும். புல்லட்டின் எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. இந்தியச் சங்க இதழ்களில் சில கட்டணம் கேட்கும், சில உறுப்பினருக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு ஒரு கணக்கு என்று வைத்திருக்கும். கேட்டாலும் ஆயிரங்களில் முடிந்துவிடும். பிஎம்சி பப்ளிக் ஹெல்த் அப்படியில்லை. கட்டணம் 2,500 டாலருக்கு மேல். நம் பணத்தில் 2 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு முதுநிலை மாணவரின் பல மாத உதவித்தொகை அது.

"ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி இருக்கிறதாமே?" என்று உடனே கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. பிஎம்சி குழுமம் பல ஆண்டுகளாக வைத்திருந்த விதி இது: உலக வங்கி குறைந்த வருமான நாடு என்று வகைப்படுத்தியவற்றுக்கு முழுத் தள்ளுபடி, கீழ்நடுத்தர வருமான நாடுகளில், மொத்த உள்நாட்டு உற்பத்தி 20,000 கோடி டாலருக்குக் குறைவாக உள்ளவற்றுக்குப் பாதித் தள்ளுபடி. இந்தியாவும் கீழ்நடுத்தர வருமான நாடுதான், ஆனால் உருவம் பெரிது. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஏழை, மொத்தமாகப் பார்த்தால் பணக்காரர். கூட்டுக்குடும்பத்து ரேஷன் கார்டு மாதிரி. அதே ஆய்வை யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பினால் இந்த விதியில் பாதிக் கட்டணம், சேலத்திலிருந்து அனுப்பினால் முழுக் கட்டணம். பட்டியல்கள் மாறும் என்பதால் அனுப்பும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட முறையில் சலுகை கேட்பதென்றாலும் சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் செல்லாது.

என் கருத்து இதுதான்: நிதிநல்கையில் வெளியீட்டுச் செலவு என்று தனியே ஒதுக்கி வந்திருந்தால் ஒழிய, சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கட்டாதீர்கள். நான்கு ஆசிரியர்கள் பங்குபோட்டுக் கட்டுகிறோம் என்பார்கள். பணம் கொடுத்ததற்காகவே பெயர் சேர்க்கப்பட்ட ஐந்தாவது ஆசிரியர் அங்கேதான் பிறக்கிறார். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், கட்டுரைக்குப் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். அதில் பணம் என்ற சொல்லே இல்லை.

சரி, தயாரிப்புக்கு வருவோம். ஒரே 400 பேர், ஒரே அட்டவணைகள். ஆனால் மூன்று இடத்துக்கும் மூன்று வேறு கட்டுரை எழுத வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவானது, கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியல். 2007இல் வந்தது, 22 அம்சங்கள். சிகிச்சையில் தலையிடாமல் உள்ளதைப் பார்த்துக் குறிக்கும், நம்முடையது போன்ற கவனிப்பு ஆய்வுகளுக்கானது. பலரும் இதைக் கடைசி இரவில் பக்க எண்களை நிரப்பும் படிவமாகப் பார்க்கிறார்கள். நான் மாணவர்களிடம் அதை ஆய்வு தொடங்கும் முன்பே அச்செடுத்து மேசையில் ஒட்டச் சொல்வேன். மாதிரி அளவு எப்படி வந்தது, எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை வீடு பூட்டியிருந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள் என்று அது கேட்கும். பூட்டிய வீட்டுக் கணக்கைக் களத்திலேயே குறித்து வைக்காவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்டெடுக்க முடியாது. நம் ஆய்வில் அதுதான் உயிர்நாடியும்கூட. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். மருந்து வந்து சேர்வதும் அவர்களுக்குத்தான் கடினம்.

இந்தியன் ஜர்னல் போன்ற சங்க இதழ்கள் பலவற்றில், துறை வல்லுநர்கள் செய்யும் மதிப்பாய்வு எழுதியவர் பெயர் தெரியாமல்தான் நடக்கும். எனவே பெயர், முகவரி, நன்றியுரை எல்லாம் ஒரு கோப்பில், கட்டுரை தனிக் கோப்பில். கேட்க எளிது. ஆனால் "எங்கள் மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி" என்று கல்லூரிப் பெயரைக் கட்டுரைக்குள் விட்டுவிடுவோம். நானே ஒருமுறை கோப்பின் உள்விவரத்தில் என் பெயரை விட்டு அனுப்பி, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. படித்துப் பார்த்துத் திருப்பியிருந்தால்கூட வருத்தமில்லை. எல்லா ஆசிரியர்களின் கையெழுத்தோடு ஒரு படிவமும் கேட்பார்கள். இடமாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்ட இணையாசிரியரைக் கையெழுத்துக்காகத் துரத்தும் வாரம் ஒன்று கட்டாயம் வரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

பிஎம்சியில் சொல் எண்ணிக்கைக்கு இறுக்கமான வரம்பு இல்லை. இது வசதி என்று தோன்றும், உண்மையில் கண்ணி. ஆய்வேட்டில் இருக்கும் பதினான்கு அட்டவணையையும் கொட்டுவதற்குக் கை துறுதுறுக்கும். கட்டுரையின் இறுதியில் 'அறிவிப்புகள்' பகுதி: எத்திக்ஸ், வெளியீட்டுச் சம்மதம், தரவு எங்கே கிடைக்கும், நலன் முரண், நிதி, யார் என்ன செய்தார்கள். பொருந்தாத தலைப்பையும் நீக்கக் கூடாது. தலைப்பை வைத்துப் 'பொருந்தாது' என்று எழுத வேண்டும்.

2011இல் தொடங்கிய பிஎம்ஜே ஓப்பன் எனக்குக் கொஞ்சம் பிடித்தமானது. அங்கே மதிப்பாய்வாளர் கையெழுத்திட்டு எழுதுவார். கட்டுரை வெளியானால் அவருடைய அறிக்கையும் நம் பதிலும் சேர்ந்தே வெளியாகும். முகம் தெரிந்தால் பேச்சில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. முதல் ஆய்வு எழுதும் மாணவருக்கு அந்த அறிக்கைகளைப் படிப்பதே பாடம். அனுப்பாவிட்டாலும் போய்ப் படிக்கலாம், இலவசம். ஆனால் அவர்கள் கேட்கும் இரண்டு விஷயத்தில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, சுருக்கத்துக்குக் கீழே ஆய்வின் பலம், பலவீனம் பற்றி ஐந்து வரிகளுக்குள் ஒரு பெட்டி. முறையைப் பற்றித்தான் அதில் பேச வேண்டும், "இந்த வட்டாரத்தில் இதுவே முதல் ஆய்வு" என்றெல்லாம் மார்தட்டக் கூடாது. இன்னொன்று, ஆய்வைத் திட்டமிடுவதில் நோயாளிகளுக்கும் மக்களுக்கும் என்ன பங்கு இருந்தது என்ற பத்தி. பங்கு இல்லை என்று நேர்மையாக எழுதிவிடலாம், தவறில்லை. ஆனாலும் மக்களைத் தேடிப் போகும் திட்டத்தைப் பற்றிய ஆய்வில் அப்படி எழுதும்போது கை கொஞ்சம் கூசும். கேள்வித்தாளை நான்கு நோயாளிகளிடமும் இரண்டு சுகாதாரத் தன்னார்வலர்களிடமும் முன்பே காட்டியிருந்தால் எழுத ஏதாவது இருக்கும்.

புல்லட்டின் 3,000 சொல் கேட்கிறது. அங்கே எழுதுவது சுருக்குவதல்ல, வேறு கேள்விக்குப் பதில் சொல்வது. 'சேலத்தில் எத்தனை சதவீதம்?' என்பதில் அவர்களுக்கு ஆர்வமில்லை. கென்யாவிலோ வியட்நாமிலோ மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கும் அதிகாரிக்கு இதில் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். ஏற்கப்பட்டால் சுருக்கம் அரபு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் மொழிகளிலும் வரும்.

நம் ஊருக்கும் புல்லட்டினுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களையும் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது. அந்த முடிவு 1959இல் புல்லட்டினில்தான் வெளியானது. 51ஆம் பக்கத்தில் தொடங்கி 144இல் முடியும்! காசநோய்க்கு சானடோரியம்தான் வழி என்ற உலகத்தின் நம்பிக்கையை அசைத்த கட்டுரை அது. இன்று அதே ஆய்வைக் கொண்டுபோனால் 94 பக்கத்தையும் 3,000 சொல்லுக்குள் அடக்கச் சொல்வார்கள். மருந்தை வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வியில் சென்னையிலிருந்து போன ஆய்வு உலகத்துக்கே பேசியதென்றால், நம் 400 பேரும் பேசக்கூடும். ஆனால் அவர்கள் செய்தது ஒப்பீட்டுச் சோதனை, நாம் செய்திருப்பது ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வந்த கணக்கெடுப்பு. அந்த வித்தியாசத்தைக் கவர் லெட்டரால் மறைக்க முடியாது.

காத்திருப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா இதழிலும் இதழாசிரியர் மேசையிலேயே நிராகரிப்பு வந்தால் சீக்கிரம் வரும், மதிப்பாய்வுக்குப் போனால் மாதக்கணக்கு. ஓர் இதழில் ஏழு மாதம் காத்திருந்து, இரண்டு வரியில் 'இல்லை' வாங்கியிருக்கிறேன்.

அந்தக் காத்திருப்புக்கு மருந்தாக, மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை இணையத்தில் போடும் முன்பதிப்பைச் சொல்கிறார்கள். 2019 ஜூனில் தொடங்கிய மெட்ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டுரையைப் போட்டால் சில நாள் சோதனைக்குப் பிறகு வெளியாகும், அடையாள எண்ணும் கிடைக்கும். நான் சொன்ன சர்வதேச இதழ்கள் அதை ஆட்சேபிப்பதில்லை. கொரோனா காலத்தில் அதன் அருமை தெரிந்தது. ஆனால் நம் மாத்திரை ஆய்வுக்கு அந்த அவசரம் இல்லை. போட்டதைப் பிறகு அழிக்கவும் முடியாது. பதவி உயர்வுக் கணக்கிலும் அது சேராது. ஒரு எச்சரிக்கை: சில பதிப்பகங்களின் சமர்ப்பிப்புப் பக்கத்திலேயே 'முன்பதிப்பாகவும் வெளியிடலாமா?' என்று ஒரு கட்டம் இருக்கும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' சொல்லிவிட்டு மறுவாரம் இணையத்தில் தன் கட்டுரையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் உண்டு.

"மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று தொடங்கும் மின்னஞ்சலில் அழைத்து, பணத்துக்காக எதையும் வெளியிடும் போலி இதழ்கள் நான்காவது வாசல். அங்கே ஒரு வாரத்தில் ஏற்பு, உடனே ரசீது. அவற்றைக் கண்டுபிடிக்கப் பட்டியல்களை நம்பியிருந்த காலம் போய்விட்டது. அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் வைத்திருந்த போலி இதழ்ப் பட்டியல் 2017 ஜனவரியில் மறைந்தது. ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலை, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே 2025இல் கைவிட்டது. நாமேதான் பார்க்க வேண்டும். மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடினால் வருகிறது என்பது மட்டும் போதாது. பப்மெட் பெரிய குடை. மெட்லைன் என்ற தரவுத்தளம் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இதழ்களும் அதற்குள் இருக்கின்றன, வேறு வழியில் வந்தவையும் இருக்கின்றன. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையில் இதழின் பெயரைப் போட்டால், இப்போது மெட்லைனில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

அப்புறம், நான் என்ன செய்வேன்? இந்த ஆய்வை முதலில் இந்தியன் ஜர்னலுக்குத்தான் அனுப்புவேன். மேற்கோள் கணக்கை வைத்து இதழுக்குத் தரும் மதிப்பெண்ணான இம்பாக்ட் ஃபேக்டர் பார்த்து உதடு பிதுக்குகிறவர்கள் பிதுக்கட்டும். வேறு மாநிலத்தில் இதே மாதிரித் திட்டம் நடத்துகிறவர் அதைப் படிப்பார். காலாண்டிதழ் என்பதால் இடம் குறைவு. எனவே பூட்டிய வீடுகள் பற்றிய ஒரே கண்டுபிடிப்பை நடுவில் வைத்து, மற்ற அட்டவணைகளைத் துணைக்கோப்புக்குத் தள்ளி, குறுங்கட்டுரையாகவே எழுதுவேன். அங்கே இல்லை என்றால், நிதி இருந்தால் பிஎம்ஜே ஓப்பன். நிதி இல்லையென்றால் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகமே நடத்தும் ஆய்விதழ் இருக்கிறது. மாத்திரைப் பெட்டி எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்கள் இருக்கும் துறை அது. புல்லட்டினை, மாலை ஆறு மணிக்கு மேல் மருந்து கொடுத்துப் பார்த்து இரண்டு வட்டாரங்களை ஒப்பிடும் அடுத்த ஆய்வுக்கு வைத்துக்கொள்வேன். அதற்கான எத்திக்ஸ் விண்ணப்பத்தை இந்தக் கட்டுரை மதிப்பாய்வில் கிடக்கும் மாதங்களிலேயே எழுதிவிடலாம்.