சாயந்திர மாஸ்டருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிடும். அதற்கு முந்தின இரண்டு மாதமும் ஆறு மணலாகக் கிடக்கும், வயல் தரிசாகக் கிடக்கும், பள்ளிக்கூடம் லீவு. தேர், தீமிதி, கபடிப் போட்டி எல்லாம் அப்போதுதான் வரும். வம்பும் அப்போதுதான். ஒரு புள்ளிக்காகவோ, சாமி புறப்பாட்டில் போட்ட ஒரு பாட்டுக்காகவோ, வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்த ஒரு வரிக்காகவோ ஆரம்பிப்பது சில சமயம் அரிவாள் வரைக்கும் போய்விடுகிறது.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அந்த வம்பைத் தடுக்கச் சிலர் சேர்ந்து சாயந்திர மையம் ஒன்று நடத்துகிறோம். ஐந்திலிருந்து ஏழு வரை சம்பளத்துக்கு ஒரு மாஸ்டரை வைத்து வாலிபால், கபடி. அப்புறம் ஒரு மணி நேரம் படிப்பு. கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்பது ஓரளவு தெரியும். எந்தப் பணத்தையும் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடை போடுகிறேன். அந்தப் பணத்தில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? அந்தப் பணம் வந்தால் எந்தத் தெருப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள்?

முதல் கேள்வி ஏன் என்றால், சண்டையைத் தடுக்கிறது மைதானம் இல்லை, தினமும் அங்கே நிற்கிற ஆள். சிகாகோவில் 2012 கோடையில் வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளிகளின் மாணவர்கள் 1,634 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் பகுதிநேர வேலையும், கூடவே வழிகாட்ட ஒரு பெரியவரையும் கொடுத்தார்கள். அடுத்த 16 மாதத்தில், வேலை கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது 43 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே துப்பாக்கி, இங்கே உருட்டுக்கட்டை. ஊர் வேறுதான். ஆனால் லீவு நாளில் காசை எதில் போட்டார்கள் என்று பாருங்கள்.

சரி, நம் கதவுகளுக்கு வருவோம். எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. இரண்டும் நிலைத்து நிற்கும் சொத்துக்கான பணம். கட்டடம் கிடைக்கும், சுற்றுச்சுவர் கிடைக்கும், உயர்கோபுர விளக்கு கிடைக்கும். மாஸ்டர் சம்பளம் என்று மனுவில் எழுதினால் பேப்பர் திரும்பி வரும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புது வேலைக்கு உத்தரவு கிடையாது. கொரோனாவில் எம்.பி. நிதியையே 2020 ஏப்ரலிலிருந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். கட்டடத்துக்குச் சேதமில்லை, அது காத்திருக்கும். பதினாறு வயதுப் பையன் காத்திருக்க மாட்டான். நமக்கு நாமே திட்டமும் இதே ரகம்தான். மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும், ஆனால் அதுவும் கட்டுமானத்துக்கு. ஆட்சிகள் மாறி மாறி ஊராட்சிகளுக்குக் கொடுத்த பந்தும் மட்டையும் பல ஊர்களில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

ஆளுக்குக் காசு கொடுத்த அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். தெருவிலேயே, சாயந்திரத்திலேயே வகுப்பு. யோசனை அருமை. ஆனால் அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும்தான். வம்பு ஆரம்பிக்கிற வயசு அதற்கப்புறம்தானே! காவல் சிறார் மன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. டவுனில் சின்னப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே ஒரு கேஸில் பெயர் ஏறிய பையன் போலீஸ் பெயர் எழுதிய வாசலை மிதிக்க மாட்டான். எனக்கு அவன்தான் முக்கியம்.

கம்பெனிப் பணம் முதல் கேள்வியில் சுலபமாகத் தேறிவிடும். 2013 கம்பெனிச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தின மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். திட்டத்தில் வேலை பார்க்கிறவர் சம்பளத்தை அதில் காட்டலாம். தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை ஒரே திட்டத்தை நீட்டிக்கவும் செய்யலாம். நமக்கு வேண்டியதே அதுதான். சிக்கல் வேறு இடத்தில். அந்தப் பணத்தை வாங்கும் அமைப்பிடம் சி.எஸ்.ஆர்.-1 என்ற பதிவு, வருமான வரித் துறையின் பதிவுகள், மூன்று வருட அனுபவம் எல்லாம் கேட்பார்கள். அரசமரத்தடியில் கூட்டம் போடும் எங்களிடம் அதெல்லாம் ஏது? பதிவு பெற்ற பெரிய தொண்டு நிறுவனத்தின் வால் பிடித்துத்தான் போக வேண்டும். இன்னொன்று, கம்பெனிகள் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நெல் விளைகிற ஊரில் பெரிய கம்பெனி என்றால் பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவும்தான். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே திரண்டதையும், புது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்க 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்ததையும் பார்த்த மக்களிடம் போய் அந்தப் பணத்தில் பந்து வாங்கினோம் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் சண்டையைத் தீர்க்க வாங்கிய காசுக்குப் பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள்.

மிச்சம் இருப்பது ஊர்ப் பணம். அதிலேதான் நாங்கள் முதலில் வழுக்கி விழுந்தோம். முதல் வருடம், கோயில் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற தலைக்கட்டு வரியில் மிஞ்சியதை வாங்கி நெட் வாங்கினோம், கோயில் திடலில் கட்டினோம். தலைக்கட்டு வரி கட்டுகிறவர்கள்தான் ‘ஊர்’. காலனி அந்தக் கணக்கிலேயே இல்லை. காலனிப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழ்வெண்மணி எங்களுக்கு பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அது கூலி கேட்டு எழுந்த சண்டை. கூலி மாறிவிட்டது, தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள கோடு அப்படியே கிடக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே நெட்டைக் கட்டிவிட்டு ஒற்றுமை மையம் என்று பெயரும் வைத்திருந்தோம், அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த வருடம் அரசுப் பள்ளி மைதானத்துக்கு மாற்றினோம். வரிப் பணத்தை வேண்டாம் என்றோம். அதற்காக இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்போது ஓடுவது வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணத்தில். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். இரண்டு தெருவிலிருந்தும் போயிருக்கிறார்கள், அதுதான் விசேஷம். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும். அப்போது எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் நிறத்தைக் கேட்டுத்தான் வாங்குகிறேன். கேட்கக் கூச்சம்தான், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

இந்தப் பணத்துக்கும் குறை உண்டு. வேலை போனால் பணமும் போய்விடும். கணக்கை மாதாமாதம் குழுவில் போடாவிட்டால் அடுத்த மாதமே பாதிப் பேர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். ஆனாலும் கட்டடமா, கம்பெனியா, இதுவா என்று கேட்டால் நான் இதையே சொல்வேன். விளக்குக்கு மட்டும் எம்.எல்.ஏ. நிதிக்கு மனு கொடுத்திருக்கிறோம், விளக்குக்கு அது சரியான பணம்.

மாஸ்டருக்கு மாதம் 9,000 ரூபாய். 500 வீதம் பதினெட்டுப் பேர் போட்டால் சரியாக வரும். சித்திரையில் ஒருவர் வேலை முடிந்து ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். இப்போது சாயந்திரம் மைதானத்துக்கு வந்து மாஸ்டரோடு நிற்கிறார். அவர் இடத்துக்கு இன்னொரு 500 ரூபாய் தேடிக்கொண்டிருக்கிறேன்.