காக்பிட் எனக்கு, வெப்மின் பாய்க்கு

வேலூரைச் சுற்றி இருக்கிற லினக்ஸ் பெட்டிகளை, அதாவது சர்வர்களை, தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் பிரவுசர் வழியாகவே செய்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி, குடியாத்தத்தில் ஒரு பள்ளி லேப். இருப்பிடம் சத்துவாச்சாரி. கட்டளைகளைத் தட்டி தூரத்துப் பெட்டியை இயக்கும் எஸ்.எஸ்.எச். இருக்கும்போது பிரவுசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கறுப்புத் திரையில் எனக்குக் கை ஓடும். அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓடாதே!

பிரவுசரிலிருந்தே சர்வரை நிர்வகிக்க இப்போது புழக்கத்தில் வைத்திருக்கும் மென்பொருள்கள் இரண்டு: காக்பிட், வெப்மின். இரண்டுமே இலவசம்.

காக்பிட்டின் பின்னால் நிற்பது ரெட் ஹேட் என்ற லினக்ஸ் கம்பெனி. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டின் மென்பொருள் களஞ்சியத்திலும் கிடைக்கிறது. பிரவுசரில் பெட்டியின் முகவரியோடு சேர்க்க வேண்டிய போர்ட் எண் 9090. யாரும் திறக்காத நேரத்தில் இது ஓடிக்கொண்டே இருக்காது. நாம் அந்த முகவரியைத் தட்டும்போதுதான் லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி அதை எழுப்பும். தனியாக யூசர் உருவாக்க வேண்டியதும் இல்லை, பெட்டியில் இருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. பெட்டி தன் நடப்பை எழுதிவைக்கும் லாக் பக்கம்தான் நான் அதிகம் பார்ப்பது. "எரர் மட்டும்" என்று வடிகட்டினால் எந்த டிஸ்க் முனக ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கத்திரி வெயிலில், ஏ.சி. இல்லாத ஸ்டோர் ரூமில் இருக்கும் சர்வருக்கு வாரம் ஒருமுறையாவது இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் நெட்வொர்க் பக்கம். தூரத்தில் இருக்கும் பெட்டியின் ஐ.பி.யை மாற்றுவது நாம் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற வேலை. ஒரு எண் தப்பினால் இணைப்பு போச்சு, ஆம்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். காக்பிட் மாற்றத்தைப் போட்டுப் பார்த்து, நம்மோடு தொடர்பு அறுந்தால் தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது. "இப்படி மாற்றினால் இணைப்பு போய்விடும், பரவாயில்லையா?" என்று அப்புறம் கேட்கிறது. 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு நிபந்தனை: பெட்டியின் நெட்வொர்க்கை நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் கவனித்தால்தான் இது நடக்கும். உபுண்டு சர்வரில் வழக்கமாக அது வேறொன்றின் கையில் இருக்கும். அங்கே நெட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அப்டேட் பக்கம் "ஆஃப்லைன்" என்று அடம்பிடிக்கும். எரிச்சல்தான்.

வெப்மின் பழைய ஆள். ஜேமி கேமரூன் 1997-இல் வெளியிட்டது, பெர்ல் மொழியில் எழுதியது, போர்ட் 10000. முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும், அவ்வளவு மெனு. சம்பா (ஃபோல்டர் பகிர்வு), டி.என்.எஸ். (பெயரை ஐ.பி. ஆக்குவது), அப்பாச்சி (வெப் சர்வர்), கிரான் (நேரம் குறித்து வேலை ஓட்டுவது) என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி மாட்யூல் உண்டு. காக்பிட் இவ்வளவு உள்ளே போகாது.

ஆம்பூர் யூனிட்டில் கணக்கு பார்க்கும் பாய் வயதில் பெரியவர். கரண்ட் போய் வந்தால் சில நாள் ஷேர் ஃபோல்டர் திறக்காது. உடனே போன் வரும்: "தம்பி, ஷேர் வரலப்பா, இன்வாய்ஸ் எல்லாம் அதுலதான் கீது." அவருக்கு காக்பிட் கொடுத்தால் சம்பாவை ரீஸ்டார்ட் செய்ய நிர்வாகி உரிமையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது வேண்டாத வேலை. வெப்மினில் அவருக்கென்று ஒரு யூசர் போட்டு, சம்பா மாட்யூல் ஒன்றை மட்டும் காட்டி, ஷேரை மாற்றுவதையும் அழிப்பதையும் அடைத்துவைத்துவிட்டேன். லாகின் செய்தால் அவர் கண்ணில் படுவது அந்த ஒரே பக்கம். கீழே ரீஸ்டார்ட் பட்டன். "பாய், அந்தக் கடைசி பட்டன அழுத்துங்க" என்றேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் போன் வருவதே குறைவு. சர்டிஃபிகேட் எச்சரிக்கை வருவதைப் பார்த்து மட்டும் ஆரம்பத்தில் கொஞ்சம் பயந்தார். வெளி நிறுவனம் உறுதிசெய்யாமல் நாமே போட்ட சர்டிஃபிகேட் என்றால் பிரவுசர் அப்படித்தான் மிரட்டும்.

வெப்மின் என்றாலே சிலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் 2019. அதை வெளியீட்டுக்குத் தயாரிக்கும் பில்ட் சர்வருக்குள் யாரோ புகுந்து பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்திருந்தது அந்த ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பதிப்பு 1.890 முதல் 1.920 வரை பாதிப்பு, 1.930-இல் சரிசெய்தார்கள். 1.890-க்குப் பின் 1.920 வரை வந்தவற்றில் பாஸ்வேர்டு மாற்றும் ஒரு வசதியை இயக்கியிருந்தால்தான் ஆபத்து, 1.890-இல் அதுவும் தேவையில்லை, போட்டவுடனே திறந்த வீடு. யாராவது விட்டுப்போன பழைய பெட்டி உங்கள் கைக்கு வந்தால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

எதுவாக இருந்தாலும் 9090-ஐயோ 10000-ஐயோ நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டு, வெளியிலிருந்து யாரும் நேராக வரும்படி கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன வாடகை சர்வரில் வயர்கார்டு என்ற வி.பி.என். (தனிப் பாதுகாப்புப் பாதை) வைத்து எல்லா இடத்தையும் அதில் கோர்த்திருக்கிறேன். இங்கே பல பிராட்பேண்ட் லைன்களில் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய தனி பப்ளிக் ஐ.பி. கிடைக்காது என்பதால் எப்படியும் அதுதான் வழி. போனிலிருந்தும் வேலை நடக்கிறது. காக்பிட்டின் டெர்மினலை மட்டும் போனில் திறக்காதீர்கள், கீபோர்டு பாதித் திரையை விழுங்கிவிடும்.