அந்தத் திருகு மட்டும் ஒழுங்காக இருந்தால்

முனையைக் கழற்றி மாட்டும் பின்னல் ஊசி செட் விலை குறைந்திருக்கிறதாம். லேஸ், அதாவது ஓட்டை ஓட்டையாக வரும் மெல்லிய பின்னல், பின்ன வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. பல வருடமாக அதில்தான் பின்னுகிறேன், எரிச்சலும் அதே அளவு சேர்ந்திருக்கிறது.

மரமுனைகளைக் குறை சொல்ல மனசு வராது. நல்ல கூர்மை. ஊசியில் நிற்கும் நூல் சுருக்குகளை, அதான் கண்ணிகளை, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னும்போது ஒரே குத்தில் நுழையும். பட்டு கலந்த நூல் உலோக ஊசியில் வழுக்கி ஓடும், மரத்தில் அடங்கி நிற்கும். சென்னை வியர்வையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அது ஊசியின் தப்பில்லை. (சென்னையில் எதற்குக் கம்பளிச் சால்வை என்று கேட்காதீர்கள்.) இரண்டு முனைகளையும் இணைக்கும் மெல்லிய கேபிள் சுருண்டு கிடந்தால் வெந்நீரில் முக்கினால் சரியாகிவிடும்.

வம்பெல்லாம் முனையும் கேபிளும் சேரும் திருகில்தான். பின்னும்போது கை ஊசியை லேசாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். திருகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். முதலில் மயிரிழை இடைவெளிதான். தடித்த நூல் அதைத் தாண்டிவிடும். 50 கிராமுக்கு 400 மீட்டர் ஓடுகிற லேஸ் நூல் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும். தெரியாமல் இழுத்தால் முனை ஒரு பக்கம், கேபிள் ஒரு பக்கம்.

போன மழைக்காலத்தில் மொஹேர் என்கிற ஆட்டு ரோம நூல் சால்வை ஒன்றில் இப்படித்தான் ஒரு கொத்துக் கண்ணி நழுவியது. சாதாரணப் பின்னல் என்றால் குரோஷா ஊசியால் மேலே ஏற்றிவிடலாம். லேஸில் ஓட்டை என்பது நூலைச் சும்மா சுற்றிப் போட்டது, அதன் பக்கத்திலேயே இரண்டு ஒன்றான கண்ணி. இரண்டு வரிசை இறங்கிவிட்டால் எந்த நூல் எந்த வரிசையுடையது என்றே புரியாது. மொஹேர் பிரிக்கவும் லேசில் வராது, இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, மீன் வாசனைக்குப் பயந்துகொண்டே பிரித்தேன்.

விற்றவர்களுக்கு எழுதினால், "சாவி போட்டு இறுக்குங்கள்" என்று பதில். திருகின் பக்கத்துத் துளையில் நுழைத்து இறுக்கும் சின்னக் கம்பிதான் அந்தச் சாவி. சாவி போட்டுத்தானே இறுக்குகிறேன், ஐயா!

ஆனால் அந்தச் சாவி நுழையும் துளை இருக்கிறதே, அதற்காக இந்த செட்டுக்குக் கோயில் கட்டலாம். வலது ஊசியின் துளையில் மெல்லிய பருத்தி நூலைக் கோத்துவிட்டு ஒரு வரிசை பின்னுங்கள். நூல் தானாகவே எல்லாக் கண்ணிக்குள்ளும் போய்விடும். லைஃப்லைன் என்கிற இந்தக் காப்பு நூலைப் போடத் தையலூசியோடு உட்கார வேண்டியதில்லை. அப்புறம் மேலே என்ன அவிழ்ந்தாலும் அந்த நூலோடு நிற்கும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த ஓல்ட் ஷேல் என்கிற லேஸ் டிசைனில் 4 வரிசைக்கு ஒரு சுற்று முடிகிறது, அதில் ஓட்டையில்லாத வரிசையாகப் பார்த்துப் போடுவேன். அதே டிசைனில் 18 கண்ணிக்கு ஒரு அடையாள வளையம் மாட்டுகிறவர்கள் கவனிக்கவும்: நூல் வளையத்துக்குள்ளும் புகுந்து அதைக் கட்டிப்போட்டுவிடும். திறந்து மூடும் வளையம்தான் சரி.

இவ்வளவு சொன்ன பிறகு வாங்கச் சொல்வேன் என்றுதானே நினைக்கிறாய்? வேண்டாம். துளை காப்பாற்றுவதே திருகு செய்யும் அட்டூழியத்திலிருந்துதான். விலை பாதியானாலும் திருகு அதே திருகு. லேஸுக்கு 3.5 மி.மீ.யில் திருகே இல்லாத, முனையும் கேபிளும் கழற்ற முடியாதபடி சேர்ந்த வட்ட ஊசி ஒன்று வாங்கிக்கொள். என் செட்டை மட்டும் இரவல் கேட்காதே, தர மாட்டேன்.