ஊர்ப் பொருள் லண்டன் வந்துசேர: கடை, அன்பளிப்பு, பெட்டி, உள்ளூர் – எந்த வழியில் எவ்வளவு கழியும்?

சென்னைக் கடை ஒன்றின் இணையதளத்தில் 130 பவுண்டுக்கு ஒரு சுடிதார் செட், அதன் பக்கத்திலேயே 140 பவுண்டுக்கு இன்னொன்று. தபால் செலவு இரண்டுக்கும் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலாவது லண்டன் வீட்டுக்கு வந்துசேர 180 பவுண்டு ஆகும். இரண்டாவதுக்கு 223. விலையில் இருந்த 10 பவுண்டு வித்தியாசம் வாசலுக்கு வரும்போது 43 ஆகிவிடுகிறது.

பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள் ஊரிலிருந்து எதை வரவழைத்தாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் 135. பார்சலில் உள்ள பொருளின் விலை, தபால் செலவு சேர்க்காமல், 135 பவுண்டுக்குள் இருந்தால் சுங்க வரி கிடையாது. 20 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) மட்டும் உண்டு. அதையும் விற்பவரே பணம் கட்டும் இடத்தில் வாங்கிவிட வேண்டும். 130 பவுண்டு உடைக்கு, தபாலோடு சேர்த்து 150. அதற்கு வாட் 30. கணக்கு அங்கேயே முடிந்தது, கதவைத் தட்டி யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

135-ஐத் தாண்டினால் எல்லாமே மாறுகிறது. பொருளோடு தபால் செலவையும் கூட்டி, அந்தத் தொகைக்குச் சுங்க வரி போடுவார்கள். தைத்த உடைகளுக்கு அதன் பொது விகிதம் 12 சதவீதம்: 160-க்கு 19.20. பிறகு வரியும் சேர்ந்த 179.20-க்கு வாட் 35.84. இதை உங்களிடம் வசூலித்துத் தரும் வேலைக்காக ராயல் மெயில் தனியாக 8 பவுண்டு கையாளும் கட்டணம் வாங்கும். தனியார் கூரியர் என்றால் இந்தக் கட்டணம் இன்னும் கூடும். சில நிறுவனங்கள் வரித் தொகையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, அதற்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கின்றன.

இந்த 135 ஒவ்வொரு பொருளுக்குமான எல்லை அல்ல, பார்சலுக்கானது. 80 பவுண்டு புடவை இரண்டை ஒரே ஆர்டரில் போட்டால் 160 ஆகி எல்லை தாண்டிவிடும். ஒரே ஆர்டரை வரிக்காகவே இரண்டு பார்சலாகப் பிரித்து அனுப்பச் சொல்வது சட்டப்படி செல்லாது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று உண்மையிலேயே தனித்தனியாக வாங்கினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் பொதுவாக அப்படித்தான் வாங்குகிறேன்.

பெரிய சந்தைத் தளங்கள் மூலம் வாங்கும்போது வாட் வசூலிப்பது அந்தத் தளத்தின் பொறுப்பு. 2021 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. அதற்கு முன் 15 பவுண்டுக்குள் வரும் சின்னப் பார்சல்களுக்கு வாட்டே இல்லாமல் இருந்தது. அந்தச் சலுகை அன்றோடு போனது. சிக்கல் வருவது தி.நகரிலோ மதுரையிலோ வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கும் சிறிய கடைகளிடம். பிரிட்டிஷ் வாட் பதிவு அவர்களிடம் இருப்பது அபூர்வம். ‘ஒன்றும் ஆகாது மேடம், கிஃப்ட் என்று போட்டு அனுப்பிவிடுகிறோம்’ என்பார்கள். பல தடவை ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பொய்யான விவரத்தோடு வரும் பார்சலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் எல்லைப் படைக்கு உண்டு. அதோடு 200 பவுண்டு புடவைக்கு 10 பவுண்டு என்று எழுதி அனுப்பி, வழியில் தொலைந்துபோனால், இழப்பீடும் அந்த 10 பவுண்டுக்குத்தான் கேட்க முடியும். பட்டுப் புடவைக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

உண்மையான அன்பளிப்பின் கணக்கு வேறு. அம்மாவோ அத்தையோ தன் கைக்காசில் வாங்கி, பிறந்தநாளுக்கோ பண்டிகைக்கோ தன் பெயரில் அனுப்பும் பொருள் 39 பவுண்டுக்குள் இருந்தால் வரியே இல்லை. 39-இலிருந்து 135 வரை சுங்க வரி இல்லை, வாட் உண்டு. ஆனால் 39-ஐத் தாண்டும் தொகைக்கு மட்டும் வாட் என்று நினைத்துவிட வேண்டாம், முழு விலைக்கும் போடுவார்கள். 38 பவுண்டு வேட்டி சட்டைக்குப் பைசா இல்லை. 42 பவுண்டு என்றால் 8.40 வாட், கூடவே அந்த 8 பவுண்டு கட்டணம். இந்தச் சின்னத் தொகைகளில் வரியும் கையாளும் கட்டணமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதுதான் எரிச்சல்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இதில் இருக்கிறது. ஒரே பெட்டியில் மகளுக்கு, மருமகனுக்கு, பேத்திக்கு என்று மூன்று அன்பளிப்பு இருந்தால் 39 பவுண்டு எல்லை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருந்தும். ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றியிருக்க வேண்டும். சுங்கப் படிவத்தில் யாருக்கு எது, விலை என்ன என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். அஞ்சலகத்தில் தரும் சி.என்.22 சின்னப் பார்சலுக்கானது. 2 கிலோவைத் தாண்டினால் சி.என்.23. ‘டிரஸ்’ என்று ஒரே சொல்லில் எழுதாமல் ‘பருத்திப் புடவை 1, குழந்தை பாவாடை 1’ என்று எழுதச் சொல்லுங்கள். விவரம் தெளிவாக இருக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்க வேண்டிய காரணம் குறைவு.

நீங்களே லண்டனில் உட்கார்ந்து சென்னைக் கடையில் ஆர்டர் செய்து தங்கையின் பர்மிங்காம் முகவரிக்கு அனுப்பச் சொன்னால் அது அன்பளிப்பு ஆகாது. அனுப்புவது கடை, தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்புவதற்குத்தான் சலுகை. ஊரில் இருப்பவர்கள் இதே பெட்டியைப் பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினால் எல்லை 45 யூரோ, டொரன்டோ அண்ணனுக்கு என்றால் 60 கனடிய டாலர். கனடாவில் அன்பளிப்பு அல்லாத தபால் பார்சலுக்கு வரிவிலக்கு எல்லை வெறும் 20 டாலர்தான். அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் விட்டுக்கொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 29-இல் அது முடிவுக்கு வந்தது. அந்தக் குழப்பத்தில் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. பிரிட்டனின் 135-க்கும் ஆயுள் அதிகம் இல்லை. 2029 மார்ச்சுக்குள் அந்தச் சுங்க வரி விலக்கை நீக்கப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள்.

சரி, யாராவது ஊரிலிருந்து விமானத்தில் வருகிறார்களா? விலை கூடிய பொருளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் 390 பவுண்டு மதிப்புள்ள பொருள்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். இணையக் கடையில் 140 பவுண்டு உடைக்கு வரியும் கட்டணமுமாக 63 பவுண்டு கழிந்ததே, பயணியின் பெட்டியில் வந்தால் அது பூஜ்யம். ஆனால் இங்கும் ஒரு வழுக்குப்பாறை உண்டு. 450 பவுண்டு காஞ்சிபுரம் ஒன்றைக் கொண்டுவந்தால் 390 போக மீதி 60-க்கு வரி என்று கணக்குப் போடக் கூடாது. ஒரே பொருளைப் பிரித்துக் கணக்கிட விதியில் இடமில்லை. முழு 450-க்கும் வரி. 630 பவுண்டு வரை சுங்கம் ஒரே சீராக 2.5 சதவீதம்: 11.25. அதன்மேல் வாட் 92.25. மொத்தம் 103.50. கணவனும் மனைவியும் இருவரின் சலுகையையும் ஒரே புடவைக்குச் சேர்த்துக் காட்டவும் முடியாது. 220 பவுண்டில் ஆளுக்கொன்று எடுத்தால் இரண்டும் தாராளமாக உள்ளே வரும்.

அப்படியும் இணையக் கடை வழியில் அதே 450 பவுண்டுக்குக் கட்ட வேண்டியதைப் பெரும்பாலும் இது தாண்டாது, கையாளும் கட்டணமும் மிச்சம். எல்லை மீறினால் வருவதற்கு 5 நாள் முன்பிருந்தே அரசின் இணையதளத்தில் அறிவித்துப் பணம் கட்டிவிடலாம். விமான நிலையத்தில் வரிப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வாசலில் போய் நிற்கும் பதற்றம் வேண்டியதில்லை. அறிவிக்காமல் பச்சை வாசல் வழியாகப் போய்ப் பிடிபட்டால் பொருளே கையை விட்டுப் போகலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சலுகை பயணிக்கும், அவர் கொடுக்கும் அன்பளிப்புக்கும் உரியது. நண்பரின் மாமியாரிடம் பணம் கொடுத்து ‘வரும்போது வாங்கி வாருங்கள்’ என்பதை அன்பளிப்பு என்று சொல்ல முடியாது. ஊரில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். மேலும் தி.நகரில் பில் போட்டு வாங்கியபோதே இந்திய ஜி.எஸ்.டி. கட்டியாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள், நடைமுறைக்கு வரவில்லை. முறைப்படி ஏற்றுமதி செய்யும் இணையக் கடை ஜி.எஸ்.டி. இல்லாமல் விலை போடலாம். ஆகவே பெட்டி வழியும் முழுக்க இலவசம் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் விதிகள் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பெட்டியிலும் வரக் கூடாது, தபாலிலும் வரக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்ப் போத்தலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதில் மாட்டும். கருவாடு வரலாம்! குடல் நீக்கிய மீன், உலர்த்தியது, புகையூட்டியது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவரின் மாசிக்கருவாட்டைத் தடுக்க விதி இல்லை, மற்றப் பயணிகளின் மூக்குதான் தடுக்க வேண்டும். தேன் 2 கிலோ வரை. மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, ஒடியல் மா (உலர்ந்த பனங்கிழங்கு மாவு) போன்றவற்றுக்குப் பிரச்சினை இல்லை. இவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கான விதிகள். வட அயர்லாந்து உணவு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றுகிறது.

வாட்டிலும் பொருளுக்குப் பொருள் வித்தியாசம் உண்டு. பெரும்பாலான சமையல் பொருள்களுக்கு வாட் பூஜ்யம், மிட்டாய் வகைக்கு 20 சதவீதம். சாதாரண அப்பளத்துக்கு இல்லை; ஆனால் வாக்கர்ஸ் நிறுவனத்தின் குட்டி அப்பளம் உருளைக்கிழங்கு சேர்ந்த நொறுக்குத்தீனி என்பதால் வாட் உண்டு என்று 2024-இல் வரித் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது. சிறு குழந்தைகளின் உடைக்கும் பூஜ்யம். பேத்தியின் பட்டுப்பாவாடை 135 பவுண்டுக்குள் இருந்து, கடை அதற்கும் 20 சதவீதம் போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல இடம் புத்தகத்துக்கு. அச்சுப் புத்தகத்துக்குச் சுங்க வரியும் இல்லை, வாட்டும் இல்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் 200 பவுண்டுக்கு அள்ளி அனுப்பினாலும் வரி இல்லை, எடைதான் விலை. பெட்டியில் 23 கிலோவைப் புத்தகத்துக்குக் கொடுப்பதைவிட, அதைத் தபாலில் விட்டுப் பெட்டியைப் பட்டுக்கு ஒதுக்குவதே என் வழக்கம்.

பாத்திரம், கிரைண்டர், கொலு பொம்மை என்றால் நான் ஊரிலிருந்து வரவழைக்கவே மாட்டேன். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் ‘கன அளவு எடை’, உண்மை எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 4 கிலோ இட்லிப் பானை 40-க்கு 40-க்கு 50 பெட்டியில் வந்தால் 16 கிலோவுக்குக் காசு. டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் கடைக்காரர்கள் கன்டெய்னரில் கப்பல் வழியாக இறக்கி, வரியும் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் விலையோடு ஒப்பிட்டால் வயிறு எரியும்தான், ஆனால் கிரைண்டருக்கு இங்கே பொருந்தும் பிளக்கும் பழுதானால் கேட்க ஒரு ஆளும் இருக்கும்.

திருப்பிக் கொடுக்க நேரும்போது எந்த வழி நல்லது என்ற வரிசை இன்னொரு முறை மாறுகிறது. பணம் கட்டும்போதே வாட் வாங்கிய கடை, பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வாட்டையும் சேர்த்தே தந்துவிடும். வாசலில் நீங்கள் கட்டிய வரியை அப்படி வாங்க முடியாது. ராயல் மெயில் வழியாக வந்ததென்றால் எல்லைப் படைக்கு பி.ஓ.ஆர். 286 படிவத்தில் எழுத வேண்டும். தனியார் கூரியரில் வந்தால் வேறு படிவம், வேறு அலுவலகம். கையாளும் கட்டணம் போனது போனதுதான். பெட்டியில் வந்த புடவையில் சரிகை பிரிந்திருந்தால், அடுத்து ஊருக்குப் போகும் ஆளைத் தேட வேண்டும். பிரிட்டனிலேயே இருக்கும் கடையில் இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. நேரில் கடைக்குப் போய் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை. குறை இல்லாத பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுத்தாலும், பெரும்பாலும் பணத்துக்குப் பதில் வேறு பொருள்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்.