காவ்காவ் ஆங்கிலத்துக்கு வாங்கிய 3500 சொல் புத்தகம்

சீனாவின் செங்டூ நகரில் பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், காவ்காவ் எனப்படும் சீனப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளுக்காக இந்தப் புத்தகத்தை இரண்டு மாதமாக அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். சொல் பகுதி அவ்வளவு சிறப்பாக இல்லை. 3500 சொற்கள், அகர வரிசை, பக்கத்திலேயே சீன அர்த்தம், அவ்வளவுதான். 'அபாண்டன்' (abandon, கைவிடு) என்ற சொல்லில் தொடங்குகிறது, பல பிள்ளைகள் அதைத் தாண்டுவதற்குள்ளேயே சோர்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்தான் மிச்சம்.

ஆனால் வாசிப்புப் பகுதிக்காகவே இதை வாங்கலாம். 150 மதிப்பெண்ணில் வாசிப்புக்கு மட்டும் 50, அதில் ஐந்து இடைவெளிக்கு ஏழு வாக்கியங்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில்தான் அவள் எப்போதும் தடுமாறுவாள். இங்கே விடையோடு நிற்காமல், முன் வாக்கியத்தின் எந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று காட்டுகிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது ஐந்தில் நான்கு சரியாகப் போடுகிறாள். தாள் மெலிசு, பேனா மை மறுபக்கம் தெரிகிறது. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். சொற்களை மட்டும் அந்தந்த வாசிப்புப் பத்தியிலிருந்தே எடுத்து, ஒரு நாளைக்கு இருபது என்று தனி நோட்டில் வாக்கியத்தோடு எழுத வையுங்கள்.