சி டிரைவ் நிறைந்துவிட்டதா? மென்பொருளை இடம் மாற்றும் வழிகள்: ஓர் ஒப்பீடு

விண்டோஸ் கணினியில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டால் பலரும் உடனே செய்வது இதுதான்: புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கிற பெரிய ஃபோல்டர் ஒன்றை வெட்டி, டி டிரைவில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த மென்பொருள் திறக்காது. இன்ஸ்டால் ஆகும்போதே அதன் முழுப் பாதை பல இடங்களில் பதிந்துவிடுகிறது. ஷார்ட்கட், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்), பின்னணியில் ஓடும் சர்வீஸ், எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்கும் என்ற குறிப்பு, அன்இன்ஸ்டாலர் இருக்குமிடம் என எல்லாமே பழைய பாதையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, இந்தப் பதிவுகளைத் திருத்தப்போவது யார் என்பதுதான்.

விண்டோஸே திருத்தித் தருமென்றால் அதைவிட நல்லது இல்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போனால் சில செயலிகளுக்கு ‘மூவ்’ என்ற பொத்தான் இருக்கும். விண்டோஸ் 10க்கு 2015 நவம்பரில் வந்த புதுப்பிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஆனால் இது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகளுக்குத்தான். வழக்கமான மென்பொருள்களுக்கு அந்தப் பொத்தானே வராது. ஸ்டீம் கேம்களுக்கும் கவலை இல்லை. ஸ்டீமின் ஸ்டோரேஜ் பகுதியிலேயே கேமை வேறு டிரைவுக்கு மாற்றலாம்.

மற்றவற்றுக்கு என் முதல் பரிந்துரை, அன்இன்ஸ்டால் செய்துவிட்டு டி டிரைவில் மறுபடி இன்ஸ்டால் செய்வது. நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் எல்லாப் பதிவுகளையும் இன்ஸ்டாலரே புதுப் பாதையோடு எழுதிவிடும். பின்னால் அப்டேட், ரிப்பேர், அன்இன்ஸ்டால் எதுவும் தடுமாறாது. லைசென்ஸ் கணினியோடு கட்டப்பட்டிருந்தால் முதலில் டிஆக்டிவேட் செய்யுங்கள். செட்டிங்ஸை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பல மென்பொருள்கள் இடத்தைக் கேட்கும். எல்லாம் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. இணையம் வழியாக நிறுவப்படும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இடம் மாற்ற அனுமதிக்காது. விஷுவல் ஸ்டுடியோ டி டிரைவுக்குப் போனாலும் அதன் ஒரு பகுதி சி டிரைவிலேயேதான் இருக்கும்.

மறுபடி இன்ஸ்டால் செய்ய வழியே இல்லை, பழைய இன்ஸ்டாலர் தொலைந்துவிட்டது என்ற நிலையில்தான் ஜங்ஷன் கைகொடுக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் முறை) டிரைவுகளில் இருக்கும் வசதி இது. கோப்புகள் டி டிரைவில் இருக்கும்; பழைய பாதையில் அதே பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். மென்பொருள் பழைய பாதையைக் கேட்கும், விண்டோஸ் டி டிரைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எந்தப் பதிவையும் திருத்தத் தேவையில்லை என்பதே இதன் பலம்.

முதலில் மென்பொருளையும் அதன் சர்வீஸையும் நிறுத்துங்கள். விண்டோஸிலேயே இருக்கும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியால் ஃபோல்டரை அனுமதிகளோடு சேர்த்து நகலெடுங்கள். பழைய ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் எம்கேலிங்க் (mklink) கட்டளையை ‘ஜே’ (/J) விருப்பத்தோடு கொடுத்தால் ஜங்ஷன் தயார். சில நாள் பிரச்சினை இல்லாமல் ஓடியபின் பழையதை அழிக்கலாம்.

இதன் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். சில அப்டேட்டுகள் பழைய ஃபோல்டரை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கும். அப்போது இணைப்பு போய், மென்பொருள் சத்தமில்லாமல் சி டிரைவுக்கே திரும்பிவிடும். டி டிரைவின் எழுத்து மாறினால் இணைப்பு அறுந்துவிடும்; அதனால் யூஎஸ்பி டிரைவை நம்பி இதைச் செய்ய வேண்டாம். நெட்வொர்க் டிரைவுக்கு ஜங்ஷன் போடவே முடியாது.

பலர் கவனிக்காத இன்னொன்று பாதுகாப்பு. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் எதையும் மாற்ற முடியாது. டி டிரைவில் நீங்கள் உருவாக்கும் ஃபோல்டருக்குப் பொதுவாக அந்தக் காவல் இருப்பதில்லை. சிஸ்டம் அதிகாரத்தில் ஓடும் சர்வீஸ் ஒன்றின் நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம் என்றால் அது பெரிய ஓட்டை. நகலெடுத்தபின் புது ஃபோல்டரின் அனுமதிகளைக் கட்டாயம் சரிபாருங்கள். டி டிரைவில் இன்ஸ்டால் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆன்டிவைரஸையும், வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

ரெஜிஸ்ட்ரியில் பாதைகளைத் தேடித் தேடி மாற்றும் வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒன்று விடுபட்டாலும், என்றோ ஒருநாள் வேறெங்கோ பழுதாகத் தெரியும். புரோகிராம் ஃபைல்ஸின் இருப்பிடத்தையே ரெஜிஸ்ட்ரியில் மாற்றுவதை மைக்ரோசாஃப்ட்டும் ஆதரிப்பதில்லை.

இதில் எதையும் தொடுமுன் இடத்தைத் தின்பது எதுவென்று பாருங்கள். பல நேரம் அது மென்பொருளாக இருக்காது. டவுன்லோட்ஸ், வீடியோக்கள், செயலிகள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் சேர்ந்த கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) என்றுதான் இருக்கும். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் போன்றவற்றை அவற்றின் ‘லொகேஷன்’ பக்கத்திலேயே முறையாக மாற்றலாம். விண்டோஸுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரை மட்டும் அழிக்காதீர்கள். ரிப்பேருக்கும் அன்இன்ஸ்டாலுக்கும் அது வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இடம் போதவில்லையென்றால் பெரிய எஸ்எஸ்டி வாங்கி, பழைய டிரைவை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யுங்கள். செலவு உண்டு, ஆனால் சி என்ற எழுத்தே தொடர்வதால் ஒரு பாதைகூட மாறாது. குளோன் முடிந்ததும் சி பார்ட்டிஷனை (டிரைவில் சி-க்கு ஒதுக்கிய பகுதியை) விரிவாக்க வேண்டியிருக்கும். அதற்கும் காலி இடத்துக்கும் நடுவே ரிக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியால் விரிவாக்க முடியாது. குளோன் செய்யும்போதே அளவை மாற்றித் தரும் கருவியாகப் பார்த்து எடுங்கள்.