சிங்கப்பூர் – லண்டன் இரவு விமானம்: எக்கானமியில் 14 மணி நேரம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 322 சாங்கியிலிருந்து இரவு பதினொன்றரை மணியளவில் கிளம்பி, காலை ஆறு மணிவாக்கில் ஹீத்ரோவில் இறங்குகிறது. கடிகாரத்தில் ஆறரை மணி நேரம். உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய 14 மணி நேரம். லண்டனில் முதல் நாள் எப்படிக் கழியும் என்பது விமானத்தில் எப்போது தூங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஏறியதும் கண்ணை மூடிவிடக் கூடாது. கோடையில் இந்த விமானம் கிளம்பும்போது லண்டனில் மாலை நாலரை. உடனே ஐந்து மணி நேரம் தூங்கினால், அங்கே இரவு பத்துக்கு விழிப்பு வந்துவிடும். மிச்ச எட்டு மணி நேரமும் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். மேலெழும்பியதும் தரும் சாப்பாட்டை முடித்து, ஒரு படமும் பார்த்துவிட்டுப் படுத்தால் காலை உணவுக்கு விளக்கு எரியும்வரை ஆறேழு மணி நேரம் கிடைக்கும். இறங்க இரண்டு மணி நேரத்துக்கும் முன்பே விளக்கைப் போட்டுவிடுவார்கள், அதனால் கண்ணை மறைக்கும் பட்டை (ஐ மாஸ்க்) அவசியம்.

இந்தத் தடத்தில் ஏ380 என்ற இரட்டை மாடி ஏர்பஸ் விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். இவ்வளவு அமைதியான கேபின் அரிது. எக்கானமி வரிசை 3-4-3. அடிக்கடி எழுபவர்களுக்கு நடு நாலில் நடைபாதை ஓர இருக்கைதான் நல்லது: உள்ளே இருக்கும் இருவரில் ஒருவர் அந்தப் பக்கம் இறங்கிக்கொள்வார். சன்னல் பக்க மூன்றில் ஓரத்தில் உட்கார்ந்தால் இருவருக்கும் வழிவிட வேண்டும். முதல் வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது.

சைவ உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். சிறப்பு உணவு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும். காலித் தட்டை எடுக்கத்தான் தாமதமாகும். கேபின் காற்றின் வறட்சியிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடும். புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறையாது. அதனால் இந்தியச் சைவ உணவே இங்கே ருசிக்கிறது.

சாங்கியின் மூன்றாம் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலிலேயே (கேட்) நடக்கும். தண்ணீர்ப் புட்டியைக் காலியாகக் கொண்டுபோய், சோதனை முடிந்தபின் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் இந்த நிறுவன விமானங்களில் பவர் பேங்கால் சார்ஜ் செய்ய அனுமதியில்லை. கேபிள் எடுத்துச் சென்றால் இருக்கையிலேயே சார்ஜ் ஏற்றலாம். வைஃபை இலவசம்; ஆனால் இந்த நிறுவனத்தின் பயணிகள் சலுகைத் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் உறுப்பினராக இருக்க வேண்டும். சேர்வதற்குக் கட்டணமில்லை, கிளம்புமுன் சேர்ந்து உறுப்பினர் எண்ணை டிக்கெட்டில் பதிந்துவிடுங்கள்.

காலை ஆறு மணிக்கு இறங்கினாலும் ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை அங்கே முன்கூட்டியே வைக்க முடியுமா என்று புறப்படுமுன் கேட்டுவிடுங்கள்.